தவ்வுப் பொட்டி

ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் இருந்த அந்த ஷூ கம்பெனியில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. இருந்தது. தையல் ஹாலின் பின்கதவைத் திறந்தால் முதலில் சாக்கடை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் கக்கூஸ். பக்கத்தில் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வருகிற சாக்கடை அது. காலையில் சுண்ணாம்பு கலந்து வெள்ளையாக ஓடும், மத்தியானம் சாயம் கலந்து பச்சையாக ஓடும். நிறம் எதுவானாலும் நாற்றம் ஒன்றுதான். அதன் குறுக்கே ஒரு தேக்குப் பலகை கிடந்தது. ஒரு காலத்தில் ஈரத்தோலை விரித்து ஆணியடித்துக் காயவைத்த அகலப் பலகை. அதன் மேல் நடந்துதான் பெண்கள் போய்வந்தார்கள்.

போவதற்கும் ஒரு முறை உண்டு. சூப்பர்வைசர் மேசையில் ஒரு தகர டப்பா, அதில் சில பித்தளை டோக்கன். டோக்கனைக் கையில் எடுத்தவள்தான் தையல் மெஷினை விட்டு எழலாம். அவள் திரும்பி வந்து டப்பாவில் போட்ட பிறகு இன்னொருத்தி எடுக்கலாம். மற்றவர்கள் பெடலை மிதித்துக்கொண்டு, தொடையை இறுக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதற்கு 'லைன் ஒழுங்கு' என்று பெயர். பெயர் வைத்தவர் பர்சனல் மேனேஜர் ஜெயகரன். அவருடைய அறைக்குள்ளேயே கக்கூஸ் இருந்தது. டோக்கன் கிடையாது.

செண்பகம் அந்த ஆபீசில் டைப்பிஸ்ட். பி.ஏ. வரலாறு. அவள் அப்பா துரைசாமி தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நின்றே முழங்கால் வரை தோல் உரிந்துபோனவர். அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டவில்லை. ஜெயகரன் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "கிராஜுவேட், இங்க வா" என்பார். சொல்லும்போது வாயோரத்தில் ஒரு சிரிப்பு வரும். குரங்கு சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே, அது.

எண்பத்து நாலில் ஜெர்மனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கேதான் சரக்கு போகிறது. 'உங்கள் பெண் தொழிலாளர்களின் நலனுக்காக என்ன செய்திருக்கிறீர்கள்?' என்று சரக்கு வாங்குகிறவன் கேட்டிருந்தான். ஜெயகரன் பதில் சொல்லச் சொல்ல டைப் அடிக்க உட்கார்ந்த செண்பகம் விரலை நிறுத்தினாள்.

"சார், கக்கூஸை உள்ளயே கட்டப் போறோம்னு எழுதலாமா சார்? சாக்கடையத் தாண்டிப் போறது கஷ்டமா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"கிராஜுவேட்! வெள்ளைக்காரனுக்குக் கக்கூஸப் பத்தி எழுதறதா? அவன் டிபன் சாப்பிட்டுக்கிட்டே லெட்டரப் பிரிச்சான்னா? நாகரிகம் வேணாம்? அவன் கேக்கறது வெல்ஃபேர். வெல்ஃபேர்னா மனசு சம்பந்தப்பட்டது. இது அடிவயிறு சம்பந்தப்பட்டது."

இப்படி மனசு சம்பந்தப்பட்டு, முதலாளியின் மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ கேம் மெஷினைக் கப்பலில் ஏற்றி அனுப்பினான்.

ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி. முகத்தில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு சிவப்புப் பொத்தான். பக்கப் பலகையில், சிவப்புத் தொப்பி போட்ட குள்ளன் ஒருவன் பள்ளத்தைத் தாண்டுகிற படம். ஆட்டமும் அவ்வளவுதான். தொப்பிக்காரன் தானாக ஓடுவான். பள்ளம் வரும். பொத்தானை அமுக்கினால் தாண்டுவான், 'டிங்' என்று ஒரு சத்தம், மேலே ஒரு நம்பர் ஏறும். உடனே அடுத்த பள்ளம். அமுக்கத் தவறினால் விழுந்து சாவான். மறுபடி காசு போட்டால் மறுபடி பிறப்பான்.

"கடைசீல எங்க பாய் போவான் இவன்?" என்று செண்பகம் கேட்டாள். கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீசியன் ஜியாவுல்லா கூடவந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "எங்கயும் போமாட்டாம்மா. முடிவே இல்ல இதுக்கு. தவ்விக்கினே இருக்க வேண்டியதுதான். செத்தாத்தான் நிக்கும்."

அன்றே அதற்குத் தவ்வுப் பொட்டி என்று பெயர் விழுந்துவிட்டது.

'பெண் தொழிலாளர் பொழுதுபோக்கு அறை' என்று போர்டு எழுதி, பழைய பசை கோடவுனில் பொட்டியை இறக்கினார்கள். தரை ஓதம் என்றார் லைன் சூப்பர்வைசர் கோதண்டபாணி. சிங்கப்பூர் சாமான் ஓதத்தில் நிற்கலாமா? கீழே கொடுக்க ஒரு நல்ல பலகை வேண்டும். கம்பெனி முழுக்கத் தேடினார். அகலமாக, கனமாக, தண்ணீருக்கு அசையாத ஒரே பலகை சாக்கடை மேல் கிடந்தது. ரெண்டு ஆள் வைத்துத் தூக்கிக் கழுவி, பினாயில் ஊற்றித் துடைத்து, பொட்டிக்குக் கீழே போட்டார்.

திறப்பு விழாவில் ஜெயகரன் பேசினார். "பெண்கள் நம் கண்கள். இந்தக் கண்கள் நாள் முழுக்க ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தால் களைத்துப்போகாதா? அதற்காகத்தான் நிர்வாகம் லட்சக்கணக்கில் செலவு செய்து இந்தப் பொழுதுபோக்கு சாதனத்தை உங்கள் காலடியில் சமர்ப்பிக்கிறது. ஒரு சின்ன நிபந்தனை. உங்கள் கையில் எப்போதும் பசை இருக்கிறது. பொத்தானில் பசை பட்டால் கெட்டுவிடும். ஆகவே நீங்கள் யாரும் தொட வேண்டாம். உங்கள் சார்பில் அதிகாரிகள் ஆடிக் காட்டுவார்கள்."

கைதட்டச் சொன்னார்கள். பெண்கள் பசைக் கையால் தட்டினார்கள்.

"நமக்கு வாங்கனதாம்டி. கண்ணால பாக்கலாமா, அதுக்கும் டோக்கனா?" என்று நசீமுன்னிசா சத்தமாகவே கேட்டாள். மூன்றாவது லைனில் ஓரம் மடித்துத் தைப்பவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். பின்வரிசையில் சிரித்தார்கள். சம்பூர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். ஏழு மாசம். ஏழு மாசத்தில் அந்த அவசரம் எப்படி வரும், எத்தனை முறை வரும் என்பது பெண்கள் நலக் குழுவில் இருந்த யாருக்கும் தெரிய நியாயமில்லை. குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

மறுநாளிலிருந்து பெண்கள் சாக்கடையைத் தாண்டினார்கள். நிஜமாகவே தாண்டினார்கள், புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, நாலடி பின்னால் போய், ஓடிவந்து. சின்னப் பெண்கள் தாண்டிவிடுவார்கள். வயசானவர்கள் விளிம்பில் நின்று கர்த்தரையோ அல்லாவையோ அம்மனையோ ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத் தாண்டுவார்கள்.

சம்பூர்ணத்துக்கு ஓட முடியாது. அவளுக்கு எதிர்க்கரையிலிருந்து ஒரு ஆள் கைகொடுத்து இழுக்க வேண்டும். லைனில் இருப்பவள் யாரும் இன்னொருத்திக்காக எழ முடியாது. டோக்கன் இல்லாமல் நடமாடக்கூடிய பெண் அந்தக் கம்பெனியில் செண்பகம் ஒருத்திதான்.

"நான் வர்றேன் க்கா. நீ ஆபீஸ் பக்கம் இருக்கற ஹால் கண்ணாடியில தட்டு, எனக்குக் கேக்கும்" என்றாள்.

"வேல இருந்தா?"

"இன்னா பெரிய வேல? நீ தட்டு."

அப்படித்தான் ஆனது. கண்ணாடியில் வளையல் சத்தம் கேட்டால் செண்பகம் டைப்ரைட்டரை விட்டு ஓடுவாள். முதலில் அவள் தாண்டுவாள். அப்புறம் கையை நீட்டுவாள். சம்பூர்ணம் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலை எடுத்து வைப்பாள். ஒவ்வொரு முறையும் கரையேறியதும், "உள்ள இருக்கறது தூக்கிவாரிப் போட்டுக்குது செம்பா" என்பாள்.

இதற்குள் பொழுதுபோக்கு அறையில் கோதண்டபாணி ஆடிக்காட்டத் தொடங்கியிருந்தார். ஒரு கை ஆடிப் பார்க்கிறேன் என்றுதான் போனார். தொப்பிக்காரன் மூன்றாம் பள்ளத்தில் விழுந்தான். மயிரிழையில் தவறியது, ஒரு கண் இமைக்கிற நேரம் முந்தி அமுக்கியிருந்தால் தாண்டியிருப்பான். அடுத்த ஆட்டத்தில் அமுக்கிவிடலாம். அடுத்த ஆட்டத்திலும் மயிரிழைதான். அந்தப் பொட்டியின் சூட்சுமமே அதுதான். உன்னால் முடியாது என்று அது ஒருநாளும் சொல்லாது. இப்போதுதான் கொஞ்சம் தவறிவிட்டது, இன்னொரு தரம் என்று சொல்லும்.

மெஷினுக்குக் காசு சிங்கப்பூர்க் காசு. முதலாளி மகன் கொடுத்தனுப்பிய சில்லறை அந்த வாரமே தீர்ந்தது. கோதண்டபாணி தன் மேசை டப்பாவைப் பார்த்தார். டோக்கனை எடுத்துத் துளையில் வைத்துப் பார்த்தார். ஒரு நூல் பெரிசு. ஜியாவுல்லாவைக் கூப்பிட்டு ஓரத்தை அரம் போட்டு ராவச் சொன்னார்.

"சார், இது லேடீஸ் வெளிக்குப் போற டோக்கன் சார்."

"தெரியும் பாய். ஆடி முடிச்சுட்டுத் திருப்பி எடுத்துக்கலாம்."

டோக்கன்கள் உள்ளே போயின. எடுக்கப் பார்த்தபோதுதான், அடிப்பெட்டியின் சாவி சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. மேல்விஷாரத்தில் ஒரு பட்டறையில் புது டோக்கன் அடித்துவரச் சொன்னார்கள். அளவு சரியாக வரட்டும் என்று கோதண்டபாணி மாதிரிக்கு, கையில் மிஞ்சிய ராவின டோக்கனையே கொடுத்து அனுப்பினார். வந்த அன்றைக்கே அவையும் பொட்டிக்குள் போயின. அடுத்தடுத்து அடித்து வந்தவையும் மேசை டப்பாவுக்கு வராமல் நேரே பொட்டிக்குத்தான் போயின.

பிறகு கம்பெனியே பொட்டியைச் சுற்றத் தொடங்கியது. ஸ்டோர் கீப்பர் ஆடினார், கட்டிங் மாஸ்டர் ஆடினார். நாலு மணிக்கு ஒரு பார்வை பார்க்க வந்த ஜெயகரன் ஆறு மணி வரை பார்த்தார். மறுநாளிலிருந்து அவருடைய நாற்காலியே அங்கு வந்துவிட்டது. கரண்ட் போனால் பொட்டியின் நெற்றியில் நிற்கிற பெரிய ஸ்கோர் அழிந்துபோகும். மேனேஜர் ஸ்கோர் அழியலாமா? ஆகவே கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தையல் ஹாலுக்குக் கொடுக்காமல் பொழுதுபோக்கு அறைக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஹாலில் பெண்கள் இருட்டில், வேர்வையில், நின்ற மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அறையிலிருந்து டிங், டிங் என்று கேட்டுக்கொண்டிருந்தது. மாசக் கடைசியில் உற்பத்தி குறைந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள்: பெண்கள் அடிக்கடி கக்கூஸுக்குப் போகிறார்கள்.

செண்பகம் நேரே போய்க் கேட்டாள்.

"சார், அந்தப் பலகை வேணும் சார்."

"ஒரு நிமிஷம்" என்றார் ஜெயகரன், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். டிங். "எந்தப் பலகை?" டிங். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்."

அவள் நின்றாள். கால் மாற்றி நின்றாள். டீ வந்து ஆறிப்போயிற்று. தொப்பிக்காரன் ஒருவழியாகச் செத்த பிறகு நிமிர்ந்தார்.

"பொட்டிக்குக் கீழ கெடக்குதே சார், அது சாக்கடைப் பலகை. எல்லாரும் தாண்டிப் போறாங்க. சம்பூர்ணத்துக்கு எட்டு மாசம் ஆகப்போகுது சார்."

"தாண்டறாங்களா?" அவருக்கு நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. "எவ்ளோ தூரம் தாண்டறாங்க?"

"சார்!"

"இல்ல, தாண்டறது உடம்புக்கு நல்லது. தன்னம்பிக்கை வளரும். நான் ஏன் இத ஆடறேன்னு நெனைக்கற? பொழுதுபோக்கவா? எதிரே ஒரு தடை வருது, எப்ப எழும்பறது, எப்ப எறங்கறது... நிர்வாகம்னா அதுதான். நம்ம லேடீஸ்க்கு அந்தப் பார்வை இல்ல. பள்ளத்தப் பாத்தாப் பலகை கேக்கறாங்க."

"சரி சார். டோக்கனாவது குடுங்க. டோக்கன் இல்லன்னு சூப்பர்வைசர் எழுந்திரிக்கவே விடமாட்டேங்கறாரு."

ஜெயகரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். சட்டம் படித்தவர்.

"டோக்கன் யாருகிட்ட இருக்கோ அவங்கதான் லைன விட்டு வெளிய போலாம். ரூல் தெளிவா இருக்கு. இப்ப டோக்கன் எல்லாம் மெஷின்கிட்ட இருக்கு. ஆக, ரூல்படி இந்த மெஷின்தான் வெளிய போகலாம். வேற யாருக்கும் நான் பர்மிஷன் குடுத்தா, நாளைக்கு அது தப்பான முன்னுதாரணமாயிடும்."

அதை வந்து சொன்னபோது நசீமுன்னிசா கேட்டாள்: "அப்ப அது எப்ப போவுதாம்? வந்ததுல இருந்து ஒரு தரம்கூடப் போவலியே, பாவம்."

இரண்டாம் முறை போனபோது ஜெயகரன் நல்ல மனநிலையில் இருந்தார். "கிராஜுவேட், ஒண்ணு பண்ணு. என் ஸ்கோரத் தாண்டிக் காட்டு. அன்னிக்கே பலகைய எடுத்துக்க. படிச்ச பொண்ணுதானே? உன் கையில பசையும் இல்ல."

கோதண்டபாணி சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவள் பொத்தானில் விரல் வைத்தாள்.

முதல் ஆட்டத்தில் தொப்பிக்காரன் உடனே செத்தான். இரண்டாவதில் கொஞ்ச தூரம் ஓடினான். பிறகு அவளுக்குப் பிடிபட்டது. பிடிபட்ட அந்தக் கணம் உடம்பு முழுக்க ஒரு இனிப்பு ஓடியது. அவள் பிறந்ததிலிருந்து தாண்டிக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடம், பரீட்சை, காலேஜில் அவள் உட்கார்ந்ததும் தள்ளி உட்கார்ந்தவர்கள், வாயில் நுழையாத இங்கிலீஷ், பஸ்ஸில் அவள் அப்பா பக்கத்தில் நின்றால் மூக்கைப் பொத்துகிறவர்கள். ஒன்றைத் தாண்டியதற்குக்கூட யாரும் மணியடித்ததில்லை. இங்கே ஒவ்வொரு தாண்டலுக்கும் டிங் என்று அடித்தது. நம்பர் ஏறியது. கண்ணெதிரே ஏறியது.

பலகைக்காகத்தான் ஆடுகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். மதியச் சோற்றை விட்டுவிட்டு ஆடினாள். வீட்டில் அம்மா குழம்பு ஊற்றும்போது அவளுடைய கட்டைவிரல் தட்டின் விளிம்பை அமுக்கிக்கொண்டிருந்தது. ரோட்டில் குழி தெரிந்தால் விரல் துடித்தது. தொப்பிக்காரனைத் தவிர எல்லாம் மெதுவாக நகர்கிற மாதிரி இருந்தது. ஜெயகரன் இப்போது அவளைக் 'கிராஜுவேட்' என்கிற குரல்கூட மாறியிருந்தது. கோதண்டபாணி அவளுக்கு டோக்கன் எடுத்துக் கொடுத்தார், தேநீர் தருவித்தார். அவள் பின்னால் ஆபீசர்கள் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அது நன்றாக இருந்தது. இருந்ததை இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு மத்தியானம் சாக்கடை பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. செண்பகம் ஜெயகரனின் ஸ்கோரை நெருங்கிவிட்டாள். ஹால் கண்ணாடியில் வளையல் தட்டிய சத்தம் கேட்டது. கேட்டது. டிங். இன்னும் கொஞ்சம்தான். டிங். தட்டல் நின்றது. பிறகு அறையின் ஜன்னல் கம்பிக்கு வெளியே சம்பூர்ணத்தின் முகம் வந்தது.

"செம்பா. தாங்கல செம்பா. வா."

"ஒரு நிமிஷம் க்கா."

கண்ணை எடுக்காமல் சொன்னாள். டிங்.

"செம்பா..."

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்."

நம்பர் மாறியது. ஜெயகரனின் ஸ்கோர் கீழே போயிற்று. பின்னால் எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். அந்தக் கத்தலுக்குள்தான் அவளுக்குத் தன் குரல் கேட்டது. ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். வேறு யாருடைய குரலோ தன் வாய்க்குள் புகுந்துகொண்டது மாதிரி இருந்தது. ஜன்னலில் முகம் இல்லை.

அவள் ஓடியபோது சம்பூர்ணம் சாக்கடைக்குள் கிடந்தாள். தாண்டியிருக்கிறாள். மயிரிழையில் தவறியிருக்கிறாள். ஒரு கை மட்டும் எதிர்க்கரை விளிம்பைப் பிடித்திருந்தது. பச்சைத் தண்ணீரில் சிவப்பு கலந்து ஓடியது.

கம்பெனி வேன் இல்லை. தவ்வுப் பொட்டிக்கு ஒரு உபரி பியூஸ் வாங்க மெட்ராஸுக்குப் போயிருந்தது. ஜியாவுல்லா ரோட்டுக்கு ஓடி ஒரு ஜட்காவை மறித்தார். அதில் ஏற்றி ஆம்பூர் போய், அங்கிருந்து டாக்சி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செண்பகம் கூடவே போனாள். வழி நெடுக சம்பூர்ணம் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உசிர் இருக்கிறது என்றார் டாக்டர். குழந்தை தங்கும், ஆனால் பேறுகாலம் வரைக்கும் படுத்த படுக்கை, கால் கீழே படக்கூடாது.

மறுநாள் காலை ஜெயகரன் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது. பரவாயில்லையே, வருத்தப்படுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"என் ஸ்கோரத் தாண்டிட்ட. சரி, அது போகட்டும். இந்த மெமோவ டைப் அடி. சம்பூர்ணம், தையல் பிரிவு. ஒன்று, டோக்கன் இல்லாமல் லைனை விட்டு வெளியேறியது. ரெண்டு, நிர்வாகத்துக்குச் சொந்தமான சாக்கடையில் முன் அனுமதியின்றி இறங்கியது. மூணு, ஒரு நாள் உற்பத்தியக் கெடுத்தது. ஏன் வேலைநீக்கம் செய்யக்கூடாது?"

"சார், நான் உங்கள ஜெயிச்சேன். பலகை குடுக்கறேன்னீங்க."

"குடுக்கலாம். ஆனா இப்பப் பலகைய எடுத்தா, பலகை இல்லாததாலதான் விழுந்தான்னு நாமளே ஒத்துக்கற மாதிரி ஆயிடும். யோசிச்சியா? உன்னமாதிரி படிச்சவங்க யோசிக்கணும். அடுத்த வாரம் ஜெர்மன்காரன் வேற வர்றான்."

செண்பகம் காகிதத்தை டைப்ரைட்டரில் சொருகினாள். விரலைப் பார்த்தாள். நேற்று வரை எதையெதையோ அமுக்கிய கட்டைவிரல். எழுந்தாள். வெற்றுக் காகிதத்தை அப்படியே விட்டுவிட்டுத் தையல் ஹாலுக்குள் போனாள்.

"சம்பூர்ணக்கா என்னக் கூப்பிட்டுச்சு" என்றாள். "நான் போவல. பொட்டில ஆடிக்கினு இருந்தேன். ஒரு நிமிஷம்னு சொன்னேன். அவங்களாட்டமே சொன்னேன்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நசீமுன்னிசா கையிலிருந்த தோலைக் கீழே வைத்தாள்.

"உன்ன அப்பறம் வச்சிக்கறேன்" என்றாள். "இப்ப இன்னா செய்யலாம்ன்ற?"

"பலகைய எடுக்கப் போறேன்."

"மேல பொட்டி நிக்குதே?"

"அதயுந்தான்."

டோக்கன் இல்லாமல் அந்த ஹால் முழுவதும் எழுந்தது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. பொழுதுபோக்கு அறைக்குள் முதல்முறையாகப் பெண் தொழிலாளர்கள் நுழைந்தார்கள், பசைக் கையோடு. கோதண்டபாணி ஆடிக்கொண்டிருந்தார். திரும்பாமலே "ஒரு நிமிஷம்" என்றார். ஜியாவுல்லா பிளக்கைப் பிடுங்கினார். தொப்பிக்காரன் பள்ளத்துக்கு நடு ஆகாயத்தில் மறைந்துபோனான்.

பொட்டி கனம். ஆனால் தூக்கியவர்கள் நிறைய. கதவு வழியாகச் சாய்த்துக் கொண்டுபோகும்போது அதன் வயிற்றுக்குள் டோக்கன்கள் சலசலவென்று உருண்டன. சத்தம் கேட்டு ஜெயகரன் குறுக்கே ஓடிவந்தார்.

"எங்க கொண்டு போறீங்க? யாரு பர்மிஷன் குடுத்தது?"

"நீங்கதான் சார்" என்றாள் நசீமுன்னிசா, மூச்சு வாங்க. "டோக்கன் அல்லாம் இதுங்கிட்டதானே கீது? ரூல்படி இதுதானே வெளிய போவணும்? பாவம் சார், இத்தினி நாளா அடக்கிக்கினு கெடக்குது. வழி உடுங்க."

சாக்கடையின் குறுக்கே, பக்கப் பலகை மேலே வரும்படி, பொட்டியைச் சாய்த்துப் போட்டார்கள். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. தேக்குப் பலகையை அதன் பக்கத்திலேயே போட்டார்கள். ஒரே நேரத்தில் ரெண்டு பேர் போகலாம் இப்போது. தாண்டுகிற தொப்பிக்காரன் படத்தின் மேல் கால் வைத்து, வரிசையாக, நிதானமாக, யாரிடமும் கேட்காமல் போனார்கள். வந்தார்கள்.

ஜெயகரன் போலீசைக் கூப்பிட நினைத்தார். ஆனால் ஜெர்மன்காரர் சொன்ன வாரத்துக்கு முன்னாலேயே, சொல்லாமல் கொள்ளாமல், மறுநாளே வந்து நின்றுவிட்டார். கம்பெனியைச் சுற்றிப் பார்த்தவர் பின்கதவைத் திறந்தார். சாக்கடையைப் பார்த்தார். பொட்டியைப் பார்த்தார். அதன் மேல் பெண்கள் நடந்து போவதைப் பார்த்தார்.

"இது என்ன?"

ஜெயகரனுக்கு எதிரே ஒரு தடை வந்தது. எப்போது எழும்புவது, எப்போது இறங்குவது என்று தெரிந்தவர்தானே. "பெண்கள் நலப் பாலம்" என்றார் இங்கிலீஷில். "சிங்கப்பூரிலிருந்து தருவித்தோம்."

ஜெர்மன்காரர் படம் எடுத்துக்கொண்டார். பாலம் என்று ஒரு தரம் ஆகிவிட்ட பிறகு அதற்குத் திறப்பு விழா நடத்தாமல் இருக்க முடியாது. பாலத்தைப் போட்டது நிர்வாகம் என்றானதால், செண்பகம் அதைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று குற்றம் சாட்டவும் வழியில்லை. பாலம் இருக்கும்போது அதில் யாராவது விழுந்தார்கள் என்று மெமோ கொடுப்பது நிர்வாகத்துக்கே கேவலம். சம்பூர்ணத்தின் மெமோவை யாரும் டைப் அடிக்கவில்லை. அவளுக்குப் பிள்ளை பிறக்கிற வரை மருத்துவ விடுப்பு என்று செண்பகம் டைப் அடித்து நீட்டினாள். ஜெர்மன்காரர் பக்கத்தில் நின்றதால் ஜெயகரன் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவுக்கு ரெண்டு கரையிலும் வாழை கட்டினார்கள். சாக்கடை அன்றும் பச்சையாக, குறைவில்லாமல் நாறியது. "பெண்கள் நம் கண்கள்" என்று ஜெயகரன் ஆரம்பித்தார். பள்ளத்தைக் கண்டால் தாண்டச் சொல்லுகிற கல்நெஞ்சம் படைத்ததல்ல இந்த நிர்வாகம் என்றார். பாலம் கேட்பதற்கு முன்பே பாலம் தந்தோம் என்றார். வெகுநேரம் பேசினார். இடைவேளை நேரம் அதில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பெண்கள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்கள்.

பிறகு ரிப்பனை வெட்டிவிட்டு, முதல் ஆளாகப் பாலத்தில் கால் வைத்தார். நாலு எட்டு வைத்தால் அக்கரை. நடுவில் நின்றுவிட்டார். வேட்டி, சட்டை, மாலையோடு மெல்ல மண்டிபோட்டு, பக்கவாட்டில் தலையைத் தொங்கவிட்டு, சாக்கடைக்கு மேலே இருட்டாகக் கிடந்த கண்ணாடியை எட்டிப் பார்த்தார்.

"கிராஜுவேட்" என்றார், தாழ்ந்த குரலில், தலையைத் தூக்காமல். "ஸ்கோர் எல்லாம் போயிடுச்சா? ஒண்ணுமே தெரியலயே. ஒரு நிமிஷம்..."

செண்பகம் அவருக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நசீமுன்னிசா, அவளுக்குப் பின்னால் ஹால் முழுவதும்.

"நிமிஷம் எல்லாம் முடிஞ்சுபோச்சு சார். நகருங்க" என்றாள். "எங்களுக்கு அவசரம்."